எல்லாம் பெல்ஜியம்தான்

திருவண்ணாமலை வட ஒத்தவாடைத் தெருவில் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மேல் தட்டில் மாமா வாங்கிய கபடிக் கோப்பை, நடுத்தட்டில் பீங்கான் நாய்கள், கீழே ஒரு ஜாடி. ஒரு சாண் உயரம் இருக்கும். பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஒரு மினுக்கம் வருமே, அதுதான் அதன் மேல்தோல். தோலுக்குள் சிலந்தி இழுத்துவிட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இழை. சின்ன வயதில் கார்த்திகை தீபத்துக்குப் போகும்போதெல்லாம் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். காரணம் ஒரே வார்த்தை: "பெல்ஜியம்."

போன வருடம் ஐப்பசி மழையில் அத்தை வீட்டு மாடி ஒழுகத் தொடங்கியது. தளம் போட வேண்டும். மாமா இல்லை, பென்ஷனும் சொற்பம். காரைக்குடிப் பக்கமிருந்து பழம்பொருள் எடுக்க வரும் ஒரு வியாபாரி, கூடத்தில் நின்றபடியே ஜாடியைப் பார்த்துவிட்டு எட்டாயிரம் என்றாராம். அத்தை எனக்கு போன் செய்தார்.

"நீ கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லு கண்ணு. எங்க மாமனாரு ரங்கூன்ல இருந்து கொண்ணாந்தது. எட்டாயிரத்துக்கு குடுக்கலாமா, இன்னும் கேக்கலாமா?"

இப்படித்தான் நான் இதற்குள் விழுந்தேன். அடுத்த ஐந்து மாதம், ஆபீஸ் வேலை முடிந்த இரவுகளில், ஐரோப்பியக் கலைக் கண்ணாடியை எப்படி இன்னாருடையது என்று சொல்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதுபவன். ஆனால் படிக்கப் படிக்க இது எங்கோ ஏற்கெனவே கேட்ட சண்டை போலவே இருந்தது. எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

*

முதலில் பெல்ஜியம். இந்த வார்த்தைக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகத்தின் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்ட ஊர் என்றால் அது பெல்ஜியத்தின் ஷார்லருவா. அங்கே செய்ததில் மிகப் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான். ஊதுகோலின் முனையில் கண்ணாடியை ஊதி, பள்ளத்துக்கு மேலே நின்று ஊஞ்சல் போல ஆட்டி ஆட்டி நீளமான உருளையாக இழுப்பார்கள். ஆறிய பிறகு இரண்டு முனையையும் வெட்டி, உருளையை நெடுக்குவாட்டில் பிளந்து, இன்னொரு உலையில் வைத்துத் தகடாக விரிப்பார்கள். பழைய வீட்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தால் எதிர்வீடு லேசாக நெளியுமே, அந்த நெளிவு இதனால் வருவது. உள்ளே மாட்டிய காற்றுக் குமிழிகளும் ஒரே திசையில் நீண்டிருக்கும். பிறகு அதே பெல்ஜியத்தில் எமீல் ஃபூர்கோ என்பவர், உருகிய கண்ணாடியை நேராகத் தகடாகவே மேலே இழுக்கும் முறையைக் கண்டுபிடித்து 1902இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் கண்ணாடியின் அலைகள் ரூல் போட்ட நோட்டு மாதிரி இணைகோடுகளாக இருக்கும். ஆக ஒரு பழைய ஜன்னலை வைத்து, செய்த விதத்தையும் தோராயமான காலத்தையும் சொல்லிவிடலாம். எழுத்தே இல்லாமல் பொருள் தன் ஜாதகத்தைச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

நல்ல ஜன்னலும் நல்ல நிலைக்கண்ணாடியும் பெல்ஜியத்திலிருந்து வந்தன. அதனால் நல்ல கண்ணாடிக்கே பெல்ஜியம் என்று பெயராகிவிட்டது. செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுபவர்கள் ஒரு பாட்டு வைத்திருப்பார்கள்: பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி. அந்தப் பாட்டில் சரவிளக்கும் பெல்ஜியம்தான், வண்ணக் குண்டு விளக்கும் பெல்ஜியம்தான். ஆனால் அந்தக் காலத்து இந்தியாவில் சரவிளக்கு விற்ற பெரிய பெயர்களில் ஒன்று பர்மிங்காமின் ஆஸ்லர். 1851 லண்டன் கண்காட்சியின் நடுவில் இருபத்தேழு அடி உயரக் கண்ணாடி நீரூற்று வைத்த அதே கம்பெனி. கல்கத்தாவில் தனியாகக் கடையே வைத்திருந்தது. பூ வேலை செய்த வண்ணக் கண்ணாடிக்கோ போஹீமியாதான் ஊர். இன்றைய செக் நாடு. அதே வீடுகளின் சுவர்களில் பதித்திருக்கும் பளபளப்பான பூ ஓடுகளையும் ‘ஐரோப்பா’ என்றுதான் சொல்வார்கள். அவற்றில் பல ஜப்பானில் செய்தவை. ஆங்கிலேய ஓடுகளின் வடிவத்தைப் பார்த்து, விலை குறைத்து, இந்தியச் சந்தைக்காக ஜப்பானியர்கள் செய்தது. கிருஷ்ணரும் லட்சுமியும்கூட அங்கிருந்து ஓட்டில் அச்சாகி வந்தார்கள். உதிர்ந்த ஓட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் முத்திரை இருக்கும். யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அத்தையிடம் இதைச் சொன்னபோது, "பெல்ஜியம்னா வெளிநாடுன்னு அர்த்தம் கண்ணு, ஊரு பேரா இன்னா?" என்றார். நான் அரைமணி நேரம் பேசியதை ஒரே வரியில் முடித்துவிட்டார். வகைப்பாட்டில் அது ‘நல்லது, நம்மூரில் செய்யாதது’ என்ற ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் எதைப் போட்டாலும் தவறில்லை, அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது.

*

இணையத்தில் ஜாடியின் படத்தை ஏலப் பட்டியல்களோடு ஒப்பிட்டபோது ஒரே வாரத்தில் ஒரு பெயர் வந்து நின்றது. லோட்ஸ். எனக்குக் கை நடுங்கியது. லோட்ஸின் நல்ல ஜாடி என்றால் பேச்சே லட்சங்களில்தான். அத்தைக்கு மாடி மட்டுமல்ல, சமையலறையையும் சேர்த்துக் கட்டிவிடலாம்.

லோட்ஸ் போஹீமியாவின் தென்மேற்கில், கிளோஸ்டர்ம்யூலே என்ற சிற்றூரில் இருந்த தொழிற்சாலை. அதன் முழுப்பெயரைத் தமிழில் எழுதினால் ‘யோஹான் லோட்ஸின் விதவை’. யோஹான் லோட்ஸ் 1840களிலேயே இறந்துவிட்டார். அவர் இறந்த பிறகுதான் அந்தத் தொழிற்சாலையே குடும்பத்தின் கைக்கு வந்தது. நடத்தியவர் அவருடைய மனைவி சுசன்னா. 1879இல் பேரன் மாக்ஸ் ஃபோன் ஸ்பாவுன் பொறுப்பேற்றார். உலகம் கொண்டாடும் லோட்ஸ் கண்ணாடி முழுக்க இந்தப் பேரன் காலத்தில் வந்தது. 1898 வாக்கில் ‘ஃபெனோமென்’ என்ற வரிசை. உருகிய ஜாடியின் மேல் வேறு நிற இழையைச் சுற்றி, கொக்கியால் இழுத்து அலையாக்கி, பிறகு உலோக உப்புகளின் ஆவியில் காட்டி மினுக்கம் ஏற்றுவார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் பெரும் பரிசு. அமெரிக்காவில் டிஃபனி அதே மினுக்கத்தைத் தன் பாணியில் செய்துகொண்டிருந்தார். அதற்கும் முன்பு, 1873 வியன்னா கண்காட்சியிலேயே லோப்மையர் இந்த மினுமினுப்பைக் காட்டியாயிற்று. எல்லோருக்கும் மூல ஆசை ஒன்றுதான்: ஆயிரத்துச் சொச்சம் வருடம் மண்ணுக்குள் கிடந்து தோல் உரிந்த ரோமானியக் கண்ணாடி போல, புதுக் கண்ணாடி ஜொலிக்க வேண்டும். அதாவது பழுதைப் போலி செய்தார்கள்.

ஆக ‘லோட்ஸ்’ என்று நாம் சொல்லும்போது, ஒரு துண்டு கலைக் கண்ணாடியையும் பார்த்திராத ஒரு மனிதரின் பெயரைச் சொல்கிறோம். சுசன்னாவின் பெயர் ‘விதவை’ என்ற சொல்லுக்குள் மட்டும் இருக்கிறது. இது ஒரு பக்கம் இருக்கட்டும்.

லோட்ஸ் பொருட்களில் மிகப் பலவற்றில் கையெழுத்து கிடையாது. சில ஏற்றுமதிச் சரக்குகளில் மட்டும் அடியில் பொறித்திருப்பார்கள். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்குள் இருந்த இன்ஜினியர் எழுந்து உட்கார்ந்தான். தொழிற்சாலையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் காகிதத்தில் அச்சு வெட்டி, எண் போட்டு, அலங்காரத்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காகித அச்சுகள் பெருமளவு தப்பிப் பிழைத்தன. 1989இல் ஹெல்முட் ரிக்கே தலைமையில் வெளிவந்த இரண்டு தொகுதி நூலின் இரண்டாம் தொகுதி முழுக்க இந்த அச்சுகளின் பட்டியல். அலங்காரப் பெயர்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு: முதலில் தளத்தின் நிறம், பிறகு வேலைப்பாடு. பச்சைத் தளத்துக்கு கிரீட்டா, தேன் நிறத்துக்கு காண்டியா, வண்ணத்துப்பூச்சியின் சிறகு போலப் புள்ளி தெறித்தால் பாப்பியோன். ‘கிரீட்டா பாப்பியோன்’ என்று சொன்னால் தெரிந்தவருக்குப் பொருள் கண்முன் வந்துவிடும். நாம் மாங்கா பார்டர், மயில் கழுத்துக் கலர் என்று சொல்லிப் பட்டெடுப்பது போல.

ஆனால் ரிக்கேயின் நூல் வந்த பிறகும் ஏலப் பட்டியல்களில் லோட்ஸ் குறையவில்லை, பெருகியது. எனக்கு இதுதான் ஆச்சரியம். அதே மினுக்கம், அதே இழை செய்த தொழிற்சாலைகள் போஹீமியாவில் ஏராளம். எலியோனோரன்ஹைனில் வில்ஹெல்ம் கிராலிக், டெப்லிட்ஸ் பக்கத்தில் ரிண்ட்ஸ்கோஃப், பால்மே கோனிக் என்று பலர். யாரோ செய்த ஜாடி கொஞ்சம் அழகாக இருந்தால் லோட்ஸ் என்றார்கள். மேலே நரம்பு போல இழை ஓடினால் பால்மே கோனிக் என்றார்கள், கிராலிக்கும் அதைச் செய்திருந்தபோதும். கிராலிக்குக்கு லோட்ஸ் போலக் காகிதக் களஞ்சியம் கிடைக்கவில்லை. ஆவணம் உள்ளவனின் பக்கம் ஆவணம் இல்லாதவனின் வேலையும் போய்ச் சேர்ந்துகொண்டது.

*

இப்போது எங்கே கேட்ட சண்டை என்று சொல்கிறேன். நம் தனிப்பாடல்களில் கொஞ்சம் சிலேடையும் திமிரும் இருந்தால் அது காளமேகம். கொஞ்சம் அறிவுரை இருந்தால் ஔவை. சங்கத்தில் பாடிய ஔவை வேறு, பிற்காலத்து ஔவை வேறு என்று எத்தனை முறை எழுதினாலும் வெகுமக்கள் மனத்தில் ஒரே கிழவிதான் ஒரே கோலோடு நடந்துகொண்டிருக்கிறார். திருமுருகாற்றுப்படை பாடிய நக்கீரரும் அகப்பாடல் பாடிய நக்கீரரும் ஒருவரா என்ற விவாதமும் அப்படியே. பெரிய பெயருக்கு ஈர்ப்பு விசை இருக்கிறது. அநாதையாக நிற்கும் எதையும் அது தன் வட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் ஊரே சாட்சி. கிழக்கு ராஜகோபுரத்தை யார் கட்டியது என்று தேரடியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் கிருஷ்ணதேவராயர் என்பார்கள். தொடங்கியவர் அவர்தான். 217 அடிக்கு எழுப்பி முடித்தது தஞ்சாவூர் நாயக்கர் சேவப்பர் காலத்தில். சேவப்பரின் பெயரைச் சொல்லும் ஆட்டோக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் வடக்கே போனால் கதை மாறுகிறது. அங்கே கோபுரத்துக்கே பெயர் அம்மணி அம்மன் கோபுரம். வீடு வீடாகப் பொருள் கேட்டுச் சேர்த்து, நின்றுபோன கோபுரத்தை முடித்த ஒரு துறவிப் பெண்ணின் பெயர். தொடங்கிய ராஜாவின் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரே மதிலுக்குள் இரண்டு விதமான பெயர் சூட்டல். எனக்கு வடக்கு வாசல்தான் பிடிக்கும். கூட்டமும் குறைவு.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு மரபும் நம்மிடம் இருந்திருக்கிறது. சங்கத் தொகைநூல்களைத் தொகுத்தவர்கள், பாடியவர் பெயர் தெரியாத இடத்தில், பக்கத்தில் இருக்கும் பெரிய பெயரை ஒட்டிவிடவில்லை. கபிலர் என்றோ பரணர் என்றோ போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? மாறாக அந்தப் பாட்டில் உள்ள ஒரு தொடரை எடுத்தே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார். அணிலாடு முன்றிலார். மீனெறி தூண்டிலார். தேய்புரிப் பழங்கயிற்றினார். குப்பைக் கோழியார். இவை ஆள்பெயர்கள் இல்லை, வேலைப்பாட்டின் பெயர்கள். கிரீட்டா பாப்பியோன் மாதிரியேதான். ‘இவர் யார் என்று தெரியாது, ஆனால் இவர் கையை நான் அடையாளம் கண்டுகொள்வேன்’ என்று ஒரு தொகுப்பாளர் சொல்லும் விதம் அது. ஐரோப்பியக் கலை வரலாற்றிலும் பெயர் தெரியாத ஓவியருக்கு அவர் வரைந்த படத்தை வைத்துப் பெயர் கொடுக்கும் வழக்கம் உண்டு. நம் ஆட்கள் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, எந்தச் சத்தமும் இல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இத்தாலியில் ஜியோவான்னி மொரெல்லி என்றொருவர். மருத்துவம் படித்தவர். 1870களில் இவான் லெர்மோலியெஃப் என்ற புனைபெயரில் ஓவிய விமர்சனம் எழுதினார். அவர் சொன்னது எளிமை: ஓவியத்தின் முகத்தையும் சிரிப்பையும் பார்க்காதே, அதைத்தான் எல்லோரும் காப்பியடிப்பார்கள். காது மடலைப் பார், விரல் நகத்தைப் பார். யோசிக்காமல் வரைகிற இடத்தில்தான் ஓவியன் மாட்டுவான். பின்னாளில் கார்லோ கின்ஸ்பர்க் இந்த மொரெல்லியையும் ஷெர்லாக் ஹோம்ஸையும் ஃப்ராய்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். துப்பறிகிறவர்களுக்குப் பிடித்த கட்டுரை. எனக்கும் பிடிக்கும், ஒரு சந்தேகத்தோடு. காது மடல் என்பது தனிக் கைக்குச் செல்லும். தொழிற்சாலையில் ஒரு ஜாடியை ஐந்து பேர் தொட்டிருப்பார்கள். ஒருவர் கண்ணாடி எடுப்பார், ஒருவர் ஊதுவார், ஒருவர் இழை சுற்றுவார், யாரோ விளிம்பை முடிப்பார். கிராலிக்கிலிருந்து ஒரு தொழிலாளி கூலி கூடுதல் என்று பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போனால் காது மடலும் கூடவே போய்விடுமே? மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். நான் முந்தைய கம்பெனியில் எழுதிய ஃபங்ஷன்களின் சாயல் இப்போதைய கம்பெனியிலும் இருக்கிறது. யார் வேலை என்று கேட்டால் எந்தக் கம்பெனி பெயரைச் சொல்வது?

*

இந்த இடத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏலத் தளங்களிலிருந்து லோட்ஸ், கிராலிக் என்று பெயரிட்ட படங்களைச் சேகரித்து, ஒரு சின்ன மாடலைப் பயிற்றுவித்தேன். சோதனையில் மதிப்பெண் அபாரம். அத்தையின் ஜாடியைக் கொடுத்தேன். லோட்ஸ் என்றது, அதுவும் நல்ல நம்பிக்கையோடு. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள், படத்தில் எந்தப் பகுதியைப் பார்த்து அது முடிவெடுக்கிறது என்று வண்ணம் போட்டுக் காட்டும் கருவியை ஓட்டினேன். ஜாடியைவிட அதிகமாகப் பின்னணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய ஏல நிறுவனங்கள் லோட்ஸ் என்று நம்புவதைக் கறுப்புத் துணி விரித்து, விளக்கு வைத்துப் படம் எடுக்கின்றன. சாதாரண வியாபாரிகள் கிராலிக்கைச் சமையலறை மேடையில் வைத்து எடுக்கிறார்கள். நான் அத்தையின் ஜாடியை மரியாதையாகக் கறுப்புப் போர்வையின் மேல் வைத்து எடுத்திருந்தேன்.

பின்னணியை வெட்டி எறிந்தாலும் பிரச்சினை தீராது. பெயரிட்டவர்கள் விற்பவர்கள். விற்பவர் தவறாக எழுதியதை மாடல் சரியாகக் கற்றுக்கொள்ளும். முப்பது வருடத் தவறான பட்டியல்களை உண்டு வளர்ந்த ஒரு நிபுணரும் அப்படித்தானே கற்றிருப்பார் என்று தோன்றியது. தனிப்பாடல் திரட்டுகளைப் படித்து வளர்ந்த நாமும்தான்.

கடைசியில் உதவியது ஐரோப்பாவில் ஒரு சேகரிப்பாளர். படங்களை அனுப்பியிருந்தேன். இரண்டு வரியில் பதில்: பக்கவாட்டில் எடுத்த படங்கள் எனக்குத் தேவையில்லை, வாயையும் அடியையும் எடுத்து அனுப்புங்கள்.

வாயும் அடியும் ஏன்? இது அழகான விஷயம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஜாடி ஊதும்போது அதன் வாய்ப்பக்கம் ஊதுகோலில் ஒட்டியிருக்கும். வாயை முடிக்க வேண்டுமென்றால் ஊதுகோலிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவித்தால் எதைப் பிடித்துக்கொள்வது? அதனால் அடியில் இன்னொரு இரும்புக் கோலை ஒட்டி, ஜாடியைத் தலைகீழாகக் கைமாற்றி, வாயை மறுபடி உலையில் காட்டி உருட்டி முடிப்பார்கள். வேலை முடிந்து கோலை உடைத்து எடுக்கும்போது அடியில் ஒரு தழும்பு விழும். போன்டில் என்பார்கள். நல்ல தொழிற்சாலை அந்தத் தழும்பைத் தேய்த்து மெருகேற்றி ஒரு சின்னக் குழியாக்கிவிடும். இது நேரமும் ஆளும் பிடிக்கும் வேலை. இன்னொரு வழி, ஜாடியை அச்சில் ஊதி அப்படியே ஆறவிட்டு, வாயின் மேல் மிச்சத்தை வெட்டி, சக்கரத்தில் தேய்த்துச் சமன் செய்வது. இப்படிச் செய்தால் அடியில் கோல் தேவையே இல்லை, தழும்பும் இருக்காது. ஆக உருண்டு குழைந்த விளிம்பென்றால் அடியில் தழும்பைத் தேடலாம். தட்டையாகத் தேய்த்த விளிம்பென்றால் பெரும்பாலும் அடி சுத்தமாக இருக்கும். ஒன்று தெரிந்தால் மற்றது தெரியும். லோட்ஸின் ஃபெனோமென் ஜாடிகளில் முதல் வகைதான் வழக்கம். கிராலிக்கிலும் ரிண்ட்ஸ்கோஃபிலும் இரண்டாவது வகையை நிறையப் பார்க்கலாம். நூற்றுக்கு நூறு விதி இல்லை, ஆனால் மினுக்கத்தை நம்புவதைவிட இதை நம்பலாம். மினுக்கம் வாங்குபவருக்காகச் செய்தது. அடி யாருக்காகவும் செய்ததில்லை.

அத்தை வீட்டுக்குப் போய் ஜாடியைக் கவிழ்த்தேன். அடி வழவழவென்று இருந்தது. ஒரு தழும்பு இல்லை. வாயில் விரல் வைத்துச் சுற்றினேன். தட்டை, உள்ளும் வெளியும் லேசாகச் சரித்துத் தேய்த்த ஓரம். லோட்ஸ் இல்லை. வடிவமும் இழையும் பார்த்துவிட்டு அந்தச் சேகரிப்பாளர் எழுதினார்: கிராலிக்காக இருக்கலாம், 1900க்குப் பிறகு. ‘இருக்கலாம்’ என்பதன் கீழ் கோடு போட்டிருந்தார். லட்சம் போனது.

*

அன்றைக்கு மாலை விளக்கேற்றும் நேரம். அத்தை பூஜை அறைக்குள் போய் ஊதுபத்தி கொளுத்தினார். ஊதுபத்தி செருகுவதற்கு அவர் வைத்திருப்பது ஒரு கண்ணாடிக் கை. மனிதக் கை ஒன்று குவளையைப் பிடித்திருப்பது போல, ஆரஞ்சு நிறத்தில், சாம்பல் படிந்து. இருபது வருடமாக நான் பார்க்கும் பொருள். ஐந்து மாதம் கண்ணாடி படித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. சாம்பலைத் துடைத்தால் கீழே அதே மழைத்தண்ணீர் மினுக்கம். கவிழ்த்தேன். அடியில் ஆங்கில எழுத்தில் அச்சாகவே வார்த்திருந்தது: ஜெயின்.

உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத். வளையல் ஊர் என்று நமக்குத் தெரியும். அங்கே இருந்த ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ், அச்சில் வார்த்த கண்ணாடிக்கு மினுக்கம் ஏற்றி, கை, மீன், யானை வடிவங்களில் பூச்சாடிகள் செய்தது. டிஃபனியின் மினுக்கத்தை ஏழைக்கும் எட்டும் விலையில் அமெரிக்காவில் அச்சு வார்ப்பாகக் கொண்டு வந்தார்கள், ‘கார்னிவல் கண்ணாடி’ என்று. ஃபென்டன் கம்பெனி 1907இல் தொடங்கியது. அந்த வம்சத்தின் இந்தியக் கிளை இது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே செய்தவர் பெயர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த ஒரே கண்ணாடிப் பொருள், அலமாரியில் இல்லை. ஊதுபத்திச் சாம்பலில் நின்றுகொண்டிருந்தது.

"இது யாரு வாங்கினது அத்தை?"

"இன்னாத்துக்கு? அதுவா? தீபத்துக் கடையில மாமா வாங்கினாரு. நாலணாவோ எட்டணாவோ. நம்ம ஊரு சரக்கு."

நம்ம ஊரு சரக்கு என்பதை அவர் சொன்ன தொனிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ‘பெல்ஜியம்’ என்ற பெட்டிக்கு எதிர்ப்பெட்டி அது. ஒரு பெட்டிக்குள் போனதை எவரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை, பயபக்தியால். இன்னொன்றுக்குள் போனதையும் எவரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை, அலட்சியத்தால். நம் இலக்கியப் பேச்சிலும் இந்த இரண்டு பெட்டிகளும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பில் வந்தது என்றாலே வரிக்கு வரி வியக்கிறோம். பக்கத்துத் தெருக்காரர் எழுதிய நாவலின் அட்டையைக்கூடத் திருப்புவதில்லை. மினுக்கத்தை வைத்து மார்க்கேஸ் சாயல், காஃப்கா சாயல் என்று எழுதும் மதிப்புரைகளை நானும் எழுதியிருக்கிறேன். ‘சாயல்’ என்று எழுதும்போது நாம் செய்வதும் ஏலக்காரர் வேலைதான். அவர்களாவது ‘இன்னாருடையது’, ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’, ‘இன்னார் பாணியில்’ என்று படிப்படியாகச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் விலை வேறு, நீதிமன்றத்தில் பொறுப்பும் வேறு. நமக்கு அந்தப் படிகள் இல்லை. நாவலின் அடியையும் வாயையும், எழுதியவர் யோசிக்காமல் விட்ட வாக்கியங்களையும், அத்தியாயத்தை முடிக்கும் விதத்தையும் எடுத்துக் காட்டி, இது எங்கே செய்தது என்று சொல்லும் மதிப்புரைகளை விரல் விட்டு எண்ணலாம்.

மாமனார் ரங்கூனிலிருந்து கொண்டு வந்த கதையையும் நான் கவிழ்த்துப் பார்த்தேன். 1942இல் குண்டு விழுந்தபோது வேட்டியில் சுற்றி நடந்தே எடுத்து வந்தார் என்பது ஒரு பிரதி. அதற்கு முன்பே கப்பலில் வந்துவிட்டார் என்பது அத்தையின் நாத்தனார் பிரதி. செட்டியார் கடையில் கணக்கெழுதியவருக்கு அது எப்படிக் கிடைத்தது என்பதற்கு எந்தப் பிரதியிலும் பதில் இல்லை. விட்டுவிட்டேன்.

ஒரு சீட்டில் எழுதி ஜாடியின் முன்னால் வைத்தேன்: ‘போஹீமியா. கிராலிக்காக இருக்கலாம். 1900–1910 வாக்கில்.’

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இருக்கலாம்னு எழுதினா எவன் வாங்குவான்?"

அடுத்த வாரம் வியாபாரி வந்தபோது நான் கூடத்தில்தான் இருந்தேன். அத்தை சீட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "சுத்தமான பெல்ஜியம்ங்க, ரங்கூன்லருந்து வந்தது" என்றார். பன்னிரண்டாயிரத்துக்கு முடிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது வியாபாரி பூஜை அறைப் பக்கம் எட்டிப் பார்த்து, கையைக் காட்டி, சேர்த்துக் கொடுத்தால் இன்னொரு இருநூறு தருவதாகச் சொன்னார்.

"அது வேணாம்," என்றார் அத்தை. "ஊதுபத்திக்கு வேற இல்ல."

மாடிக்குத் தளம் போட்டு இன்னும் பணம் பாக்கி இருக்கிறது.